பன்றிப் பல்லில் ஒரு சேமிப்புக் கணக்கு: பெந்தெகொஸ்தே தீவு ஏழையா, இல்லையா?

பசிபிக் தீவுக் கிராமங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு கதைகளில் ஒன்றுதான் வரும். "பாவம், கரண்ட் இல்லை, ரோடு இல்லை, கையில் காசு இல்லை" என்பது ஒன்று. "கொடுத்துவைத்தவர்கள், மீனும் தேங்காயும் தின்றுகொண்டு கவலையில்லாமல் கிடக்கிறார்கள்" என்பது இன்னொன்று. வனுவாட்டு என்ற நாட்டுக்கு இந்த இரண்டு பட்டமும் ஒரே சமயத்தில் கிடைத்தது. 1985 முதல் அது ஐ.நா.வின் மிகவும் பின்தங்கிய நாடுகள் பட்டியலில் இருந்தது. அப்படி இருக்கும்போதே, 2006இல் வெளியான 'மகிழ்ச்சியான பூமிக் குறியீடு' அதற்கு முதலிடம் கொடுத்தது. அந்தக் குறியீடு மனநிறைவை மட்டும் அளக்கவில்லை. ஆயுளையும், இயற்கை வளத்தை எவ்வளவு குறைவாகச் செலவழிக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் போட்ட கணக்கு அது. ஆனால் செய்தித்தாள்களுக்கு அவ்வளவு பொறுமை ஏது? "உலகிலேயே சந்தோஷமான நாடு" என்று தலைப்புப் போட்டு முடித்துவிட்டார்கள்.

இரண்டு கதையும் தவறவிடுவது ஒன்றைத்தான். அங்கே உள்ள கிராமத்தில் பணத்தில் ஓடும் கணக்கு ஒன்று, பணம் இல்லாமல் ஓடும் கணக்கு இன்னொன்று. இரண்டாவது கணக்கை அங்கே 'கஸ்டம் எகனாமி' என்கிறார்கள். இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான். பெந்தெகொஸ்தே என்ற ஒரே ஒரு தீவை வைத்துக்கொண்டு பார்ப்போம்.

முதலில் இடம்

ஆஸ்திரேலியாவுக்கு வடகிழக்கே பாப்புவா நியூ கினி, சாலமன் தீவுகள், வனுவாட்டு, நியூ கலிடோனியா, ஃபிஜி என்று வளைந்து கிடக்கும் தீவுக்கூட்டத்துக்கு மெலனீசியா என்று பெயர். அதில் வனுவாட்டு 80க்கும் மேற்பட்ட தீவுகள் கொண்ட நாடு. 2020 கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை சுமார் 3 லட்சம். இந்த 3 லட்சம் பேரிடம் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள் இருக்கின்றன. பொதுவில் பேசிக்கொள்ள பிஸ்லாமா. ஆங்கிலச் சொற்களை எடுத்து, தீவு மொழிகளின் இலக்கணத்தில் போட்டுக் குலுக்கியெடுத்த மொழி அது. 'கஸ்டம்' என்பதும் பிஸ்லாமாச் சொல்தான். நம் 'வழக்கம்' என்பதைவிடக் கனமானது: சடங்கு, நில உரிமை, சொந்தபந்தக் கடமை, தலைவர்களின் தீர்ப்பு எல்லாம் அதற்குள் அடக்கம்.

பெந்தெகொஸ்தே வடக்கு தெற்காக நீண்டு ஒடுங்கிய தீவு. நீளம் சுமார் 60 கிலோமீட்டர், நடுவில் முதுகெலும்பு போல மலை. பிரெஞ்சுக் கடலோடி பூகன்வில் 1768 மே மாதம் பெந்தெகொஸ்தே திருநாளன்று இதைப் பார்த்ததால் இந்தப் பெயர். விமானம் இறங்க வடக்கே சாரா, தெற்கே லோனோரோரே என இரண்டு சிறு ஓடுதளங்கள் உண்டு. மற்றபடி படகு, சரக்குக் கப்பல், நடை.

நாட்டுக்கு 1980இல் விடுதலை கிடைத்தது. அதற்கு முன் 1906 முதல் பிரிட்டனும் பிரான்சும் கூட்டாக ஆண்டன. ஆளுக்கொரு போலீஸ், ஆளுக்கொரு சட்டம். கூத்துதான். முதல் பிரதமர் வால்டர் லினி, பெந்தெகொஸ்தேயின் வடபகுதியில் பிறந்த ஆங்கிலிக்கன் பாதிரியார்.

மொய் நோட்டு தெரிந்தவருக்குப் பாதி புரிந்த மாதிரி

கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறோம். யார் எவ்வளவு என்று நோட்டில் ஏறுகிறது. பத்து வருஷம் கழித்து அவர் வீட்டு விசேஷத்துக்குப் போகும்போது அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்து, வாங்கியதோடு கொஞ்சம் கூட்டி வைக்கிறோம். இதைக் கடன் என்று யாரும் சொல்வதில்லை. அன்பளிப்பு என்று சொன்னாலும் முழு உண்மையில்லை. திருப்பிச் செய்யாமல் விட்டுப்பாருங்கள், தெரியும்.

இப்போது ஒரு கற்பனை. ரூபாய்க்குப் பதில் பன்றியும் பாயும் கிழங்கும் வைத்து மொய் எழுதுகிறார்கள். கல்யாணத்துக்கு மட்டுமல்லாமல் பிள்ளை பிறந்தால், ஆள் இறந்தால், சண்டை தீர்ந்தால், ஒருவர் தலைவராக உயர்ந்தால் என்று எல்லாவற்றுக்கும் எழுதுகிறார்கள். வீடு கட்ட நாலு பேர் வந்து தோள் கொடுத்ததும் அதே நோட்டில் ஏறுகிறது. கஸ்டம் எகனாமிக்குள் பாதி தூரம் வந்துவிட்டீர்கள்.

மீதிப் பாதி இதுதான்: நமக்கு மொய் என்பது பணப் பொருளாதாரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு வழக்கம். அங்கே கிராமத்து வாழ்க்கையின் பெரும்பகுதி அந்த நோட்டின் மேல்தான் நிற்கிறது. சாப்பாடு சொந்தத் தோட்டத்திலிருந்து வருகிறது. வீட்டுக்கு மரமும் மூங்கிலும் ஓலையும் காட்டிலிருந்து வருகின்றன. உழைப்பு சொந்தக்காரர்களிடமிருந்து வருகிறது. சந்தை விலை என்ற ஒன்று இதில் எங்கும் தலைகாட்டுவதில்லை. அதனால் நாட்டின் மொத்த உற்பத்தியைக் கணக்குப் போடும் அதிகாரிக்கு இதில் பெரும்பகுதி சிக்குவதில்லை.

ஒரு பல் வளர ஆறேழு வருஷம்

வனுவாட்டுக் கொடியில் ஒரு வளையம் தெரியும். பார்த்தவுடன் ஏதோ ஆபரணம் என்று தோன்றும். பன்றியின் கோரைப்பல் அது.

ஆண்பன்றி இளசாக இருக்கும்போது அதன் மேல்தாடைக் கோரைப்பற்களைப் பிடுங்கிவிடுகிறார்கள். சாதாரணமாக மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றோடொன்று உரசித் தேய்ந்துகொண்டே இருக்கும். மேலே இருப்பது போய்விட்டால் கீழ்ப்பல் தடையில்லாமல் வளர்கிறது: முதலில் மேல்நோக்கி, அப்புறம் பின்னால் வளைந்து, கன்னத்துப் பக்கமாக இறங்கி, கடைசியில் தாடையையே துளைத்துக்கொண்டு உள்ளே போய் ஒரு முழு வட்டம். அதற்கு ஆறேழு வருஷம் பிடிக்கும். இரண்டாவது சுற்று சுற்றிய பல் அபூர்வம், மதிப்பும் அந்த அளவுக்கு.

இந்த வருஷங்களில் அந்தப் பன்றி மண்ணைக் கிளறி மேய முடியாது; பல் உடைந்தால் எல்லாம் போச்சு. அதனால் கட்டிப்போட்டு, வேகவைத்த சேப்பங்கிழங்கு மாதிரி மெத்தென்ற தீனியை வேளாவேளைக்கு ஊட்டி வளர்க்கவேண்டும். பன்றியின் வலியைப் பற்றி இங்கே இரண்டு கருத்து இருக்கமுடியாது. இது அதற்குக் கொடுமைதான். ஆனால் பொருளாதாரமாகப் பார்த்தால் அந்த வளையம் சொல்வது தெளிவு: இந்த வீட்டில் தன் சாப்பாட்டுக்குப் போக மிச்சம் கிழங்கு விளைந்தது, அதுவும் ஒரு வருஷம் இல்லை, ஏழு வருஷம் விடாமல். வங்கி பாஸ்புக்கை எப்படி வேண்டுமானாலும் திருத்தலாம், இந்தப் பல்லைத் திருத்த முடியாது.

சேர்த்ததை என்ன செய்வது? வடபெந்தெகொஸ்தேயில் 'போலோலோலி' என்ற சடங்கு உண்டு. ஒருவர் சமூகத்தில் படிப்படியாக உயர, ஒவ்வொரு படியிலும் பன்றிகளைக் கொடுக்கவும் கொல்லவும் வேண்டும். ஒரே ஆளிடம் அத்தனை பன்றி இருக்காது. மைத்துனரிடம் ஒன்று, அம்மாவழிச் சொந்தத்தில் இரண்டு என்று கைமாற்றுகளைத் திரட்டித்தான் அந்த நாளை நடத்தமுடியும். அன்றைக்குக் கொடுத்தவர்களின் முறை பிறகு வரும். ஆக, பெரிய மனிதர் என்று அங்கே பெயர் எடுப்பவர் அதிகம் வைத்திருப்பவர் அல்ல. அதிகம் பேரிடமிருந்து திரட்டி அதிகம் பேருக்குக் கொடுத்தவர்.

தீவின் வடகிழக்கே துராகா என்ற இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் 'தங்புனியா' என்று ஒரு வங்கியே நடத்துகிறார்கள். அதன் இருப்பு பன்றிப் பற்களும் பாய்களும். கணக்கு அலகுக்கு 'லிவாட்டு' என்று பெயர். முழு வட்டம் சுற்றிய பல்லை வைத்து நிர்ணயித்தது. பேரேட்டை எழுதுவதற்கு அவர்களே உருவாக்கிய 'அவோயுலி' என்ற எழுத்துமுறையும் உண்டு. மணலில் விரலை எடுக்காமல் வரையும் கோலங்களிலிருந்து பிறந்த எழுத்து அது. வேடிக்கைக்கு வைத்த வங்கி என்று நினைத்துத்தான் நானும் இதைப் படிக்க ஆரம்பித்தேன்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: கஸ்டம் எகனாமியில் சேமிப்பு உண்டு, கடன் உண்டு, வட்டி மாதிரி ஒன்றும் உண்டு. ஆனால் எல்லாமே ஆட்களுக்கு இடையேயான கடமையாக இருக்கிறது. யாரென்று தெரியாத ஒருவருக்கு விற்கமுடியாது.

சிவப்புப் பாய்: பெண்கள் கையில் உள்ள பணம்

பன்றியைப் பற்றி எழுதும் பலர் பாயை விட்டுவிடுகிறார்கள். தாழைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் ஓலையை முள் நீக்கி, வாட்டி, கீறி, பெண்கள் முடைவது. வடபகுதியின் ராகா மொழியில் பெரிய பாய்க்கு 'ப்வானா', சிறியதற்கு 'பாரி'. முடைந்ததோடு வேலை முடியாது. வாழைமட்டையில் வடிவங்களை வெட்டி அச்சு செய்து, பாயை ஒரு கட்டையில் சுற்றி, மேலே அச்சை வைத்துக் கொடியால் இறுகக் கட்டி, செடி வேரிலிருந்து எடுத்த சிவப்புச் சாயத்தில் வேகவைக்கிறார்கள். மட்டை மறைத்த இடம் வெளுப்பாக நிற்கும், மற்ற இடம் கருஞ்சிவப்பாகும்.

கல்யாணம், இழவு எதுவும் இந்தப் பாய்க் கட்டுகள் இல்லாமல் நடக்காது. சபையில் ஆண்கள் பன்றியைக் கைமாற்றும் காட்சிதான் புகைப்படத்தில் விழுகிறது. அதற்குப் பின்னால் மாதக்கணக்கில் முடைந்த கைகள் விழுவதில்லை.

இதை வைத்து அங்கே பெண்கள் சமமாக இருக்கிறார்கள் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். நில விவகாரம் பேசும் இடத்தில் பெரும்பாலும் ஆண் குரல்தான். கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குக் கொடுக்கும் பரிசத்தில் ரொக்கம் புகுந்ததும் தொகை ஏறிக்கொண்டே போனது. நாட்டின் தலைவர்கள் அவையான மல்வாட்டுமவுரி, 80,000 வாட்டுக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு வைக்கவேண்டி வந்தது. (வாட்டு என்பது அந்நாட்டு நாணயம்.) பாயும் பன்றியுமாக இருந்தவரை அது இரண்டு குடும்பங்களுக்கிடையே பல வருஷம் ஓடும் கொடுக்கல் வாங்கல். ரொக்கமான பிறகு, "காசு கொடுத்தாச்சு" என்று சொல்ல ஓர் ஆணுக்கு வாய் வந்துவிடுகிறது.

நிலம் யாருக்கும் சொந்தமில்லையா?

அதிகமாகக் குழப்பும் இடம் இதுதான். "அங்கே நிலம் பொதுச்சொத்து" என்பார்கள். இல்லை. வனுவாட்டு அரசியல் சட்டத்தின் 73ஆம் பிரிவு, நாட்டின் நிலம் முழுவதும் வழக்கப்படி உரிமையுள்ள பூர்வகுடிகளுக்கும் அவர்கள் வழித்தோன்றல்களுக்கும் சொந்தம் என்கிறது. வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் வளைத்துப்போட்ட நிலத்தை மீட்பதுதான் விடுதலைப் போராட்டத்தின் உயிர்நாடியாக இருந்தது. 

சொந்தம் என்றால் நம் பட்டா மாதிரி ஒரே பெயரில் ஒரே உரிமை அல்ல. ஒரு பெரிய கூட்டுக் குடும்ப வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். திண்ணையில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். சமையலறையில் சிலர்தான் கை வைக்கலாம். மாடி அறை பெரியவர் இருக்கும்வரை அவருக்கு. வீட்டை விற்பது மட்டும் யாராலும் தனியாக முடியாது. கஸ்டம் நிலமும் இப்படித்தான் அடுக்கடுக்கான உரிமை. ஒருவருக்கு அங்கே தோட்டம் போட உரிமை, இன்னொருவருக்கு அதிலுள்ள ஈரப்பலா மரத்தில் உரிமை, மூன்றாமவருக்கு அந்த வழியாகக் கடலுக்குப் போக உரிமை. வடக்கிலும் நடுவிலும் ஊரே தாய்வழியில் இரண்டு பிரிவாக இருக்கிறது, ஒன்று 'பூலே', மற்றது 'தாபி'. ஒருவருக்கு உரிமை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது அதனால் இன்னும் சிக்கலாகும்.

மரத்தின் விதி தனி. நட்டவருக்கு மரம் சொந்தம், மண் அல்ல. கிழங்குத் தோட்டம் ஒன்றிரண்டு வருஷத்தில் இடம் மாறிவிடும், பழைய இடம் காடாகி ஓய்வெடுக்கும், அதனால் தொல்லை குறைவு. தென்னையோ ஐம்பது அறுபது வருஷம் நிற்கும். கொப்பரைக்காகத் தென்னந்தோப்புகள் வந்தபோது, சுழன்றுகொண்டிருந்த நிலம் ஒரே குடும்பத்தின் மரத்தடியில் நிரந்தரமாக மாட்டிக்கொண்டது. (பிஸ்லாமாவில் அது 'கொப்ரா'. மலையாளக் கொப்பர போர்த்துகீசியர் வாயில் நுழைந்து, ஆங்கிலத்தில் ஏறி, அவ்வளவு தூரம் போயிருக்கிறது.)

தலைநகர் போர்ட் விலா இருக்கும் எஃபாட்டே தீவில் வேறு தொல்லை. விற்கமுடியாது, ஆனால் 75 வருஷம் வரை குத்தகைக்கு விடலாம். கடற்கரை நிலம் அப்படியே வெளியாட்கள் கைக்குப் போனது. உரிமையாளர் யார் என்று தகராறு இருக்கும் நிலத்துக்கும் அமைச்சரே கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. நில அமைச்சராக வந்த ரால்ஃப் ரெகன்வானு 2013இல் கொண்டுவந்த சட்டங்கள் அதை அடைத்தன.

சரி, அப்படியானால் காசு எதற்கு?

மேல்நிலைப் பள்ளிக் கட்டணம், மருந்து, கப்பல் டிக்கெட், சோப்பு, உப்பு, சோலார் விளக்கு, மொபைல் ரீசார்ஜ். இவற்றுக்குப் பன்றிப் பல் செல்லாது. "அவர்களுக்குப் பணமே தேவையில்லை" என்று பேசுகிற ரொமான்டிக் ஆட்கள், வயிற்றுவலிப் பிள்ளையைப் படகில் ஏற்ற டீசலுக்கு என்ன செய்வது என்று சொல்லட்டும்.

பெந்தெகொஸ்தேயில் அந்தக் காசுக்கு வழி, முக்கியமாகக் கவா. மிளகுக் குடும்பத்தைச் சேர்ந்த செடி. அதன் வேரை இடித்தோ அரைத்தோ நீரில் பிழிந்து குடித்தால் நாக்கு மரத்து, மனம் அடங்கும். குடிப்பது 'நகமால்' என்ற ஊர்க்கூடத்தில். வழக்கு தீர்ப்பதும் விருந்து நடப்பதும் அங்கேதான். இந்தத் தீவின் கவாவுக்கு நாட்டிலேயே நல்ல பெயர். ஆனால் செடி முற்ற மூன்று நான்கு வருஷமாகும், அதுவரை கிழங்கு நடவேண்டிய நல்ல மண்ணில் உட்கார்ந்திருக்கும். இன்னொரு வழி, 2007இல் நியூசிலாந்து தொடங்கிய பருவகாலத் தொழிலாளர் திட்டம். பழத்தோட்டத்தில் சில மாதம் உழைத்துவிட்டு வந்தால் தகரக் கூரை போட்டு, சிமென்ட் தரை இழைத்து வீடு கட்டலாம். அந்த மாதங்களில் ஊரில் கூரை மேய, தோட்டம் வெட்ட கை குறைகிறது. கஸ்டம் நோட்டில் உழைப்புதான் முதல் என்பதை நினைத்தால், இந்தப் பணம் எந்தப் பையிலிருந்து எடுக்கப்படுகிறது என்று புரியும்.

அரசாங்கமும் இதைக் கவனிக்காமல் இல்லை. 2007ஐ 'கஸ்டம் எகனாமி ஆண்டு' என்று அறிவித்தார்கள். பள்ளிக் கட்டணத்தைப் பாயாகவோ கிழங்காகவோ கட்டலாமே என்ற யோசனை அப்போது பலமாகப் பேசப்பட்டது. 2012இல் மல்வாட்டுமவுரியின் பெயரில் ஓர் ஆய்வு வந்தது. அதில் வருமானத்துக்குப் பதில் நிலமும் காடும் கைக்கெட்டுகிறதா, சொந்த மொழி தெரியுமா, இக்கட்டில் உதவ ஆள் உண்டா என்று கேட்டு நல்வாழ்வை அளந்துபார்த்தார்கள். எனக்கு இந்தக் கேள்விகள் பிடித்திருக்கின்றன. ஆனால் அருகில் டாக்டர் இல்லாத குறையை இவை ஈடுகட்டிவிடாது.

வளர்ச்சித் திட்டம் எங்கே தடுக்கிவிழுகிறது

மலை ஊற்றிலிருந்து குழாய் போட்டுக் கிராமத்துக்குத் தண்ணீர் கொண்டுவருகிறது ஒரு திட்டம் என்று வைத்துக்கொள்வோம். பொறியாளர் பார்வையில் வேலை சுலபம். மேலிருந்து கீழே தண்ணீர் தானாக வரும். ஊற்று ஒரு குடும்பத்தின் கஸ்டம் நிலத்தில் இருக்கிறது. குழாய் வேறு மூன்று பேர் தோட்டத்தைத் தாண்டி வருகிறது. அந்த நால்வருக்கும் முறைப்படி ஒரு பன்றி, இரண்டு பாய், நகமாலில் ஒரு பொழுது கவா என்று நடந்திருந்தால் குழாய் அவர்களுடைய நோட்டிலும் ஏறியிருக்கும். நடக்கவில்லையென்றால், பழுதான குழாயை மாற்ற யாரும் வரமாட்டார்கள். திட்ட அறிக்கை அதை "மக்களின் ஒத்துழைப்பின்மை" என்று எழுதும்.

எதிர்ப்பக்கத்து உதாரணம் கடலில் இருக்கிறது. 1990 வாக்கில் வனுவாட்டு மீன்வளத் துறை சில கரையோர ஊர்களுக்குப் போய், சட்டைப் பித்தான் செய்ய விலைபோகும் ஒரு பாறைச் சங்கைக் கொஞ்ச வருஷம் எடுக்காமல் விட்டால் பெருகும் என்று விளக்கிச் சொன்னது. எவ்வளவு பகுதியை மூடுவது, எத்தனை வருஷம் என்பதை ஊரிடமே விட்டது. அதற்கான கருவி ஏற்கெனவே அவர்களிடம் இருந்தது: 'நமேலே' எனும் சைக்கஸ் மர ஓலையைக் கரையில் நட்டால் அந்த இடத்துக்குத் தடை. மீறினால் பன்றி அபராதம். பலனைப் பார்த்த பக்கத்து ஊர்கள் தாமாகவே அதை எடுத்துக்கொண்டன, சங்கோடு நிற்காமல் மற்ற உயிர்களுக்கும் மூடுகாலம் வைத்தன. புதிதாக ஒரு குழுவும் பதிவேடும் தேவைப்படவில்லை.

சுருக்கமாக: ஊருக்கு ஏற்கெனவே இருக்கும் கடமைக் கணக்கில் ஏறிய வேலை நிற்கிறது. பக்கத்தில் தனிக் கணக்காக வைத்தது, வைத்தவர் போனதும் நின்றுவிடுகிறது. எல்லாத் தோல்விக்கும் இதுவே காரணம் என்று சொல்லமாட்டேன்; சில சமயம் குழாயே மட்டமானதாக இருக்கும்.

புயல் வந்தபோது

2020 ஏப்ரலில் ஹரால்ட் புயல் உச்ச வேகத்தில் பெந்தெகொஸ்தேயைத் தாக்கியது. வீடுகள் பறந்தன, வாழையும் கவாவும் சாய்ந்தன. கொரோனாவுக்காக நாடு எல்லையை மூடியிருந்த நேரம் அது. வழக்கமாக வந்து இறங்கும் வெளிநாட்டு நிவாரண ஆட்கள் வரமுடியவில்லை. உள்ளூர் ஆட்களே முன்னின்றார்கள். வெளிநாட்டுத் தோட்டங்களில் மாட்டிக்கொண்டவர்கள் சம்பளத்தை அனுப்பினார்கள். அதே ஆண்டு டிசம்பரில்தான் நாடு மிகவும் பின்தங்கிய நாடுகள் பட்டியலிலிருந்து வெளியே வந்தது என்பது விசித்திரமான தற்செயல்.

அரிசி மூட்டை சில வாரம் தாங்கும். அதற்கப்புறம் வேண்டியது நடவுக்கு விதை. பெருவள்ளிக் கிழங்கை நடுவதற்கு அதன் தலைப்பகுதியை வெட்டி மண்ணில் வைக்கவேண்டும். கடைக்குப் போய் வாங்கும் பொருளல்ல. யார் தோட்டத்தில் மிச்சம் இருக்கும், யாரிடம் போய் நிற்கலாம் என்பதற்குப் பழைய நோட்டைத்தான் புரட்டவேண்டும்: அக்கா கட்டிக்கொடுத்த ஊர், போன சாவுக்குப் பாய் கொண்டுபோன வீடு. அங்கே போனால் ஒருவர் கிழங்கின் தலையை வெட்டிக் கையில் கொடுப்பார், உடலை லாப்லாப் செய்யத் துருவப் போடுவார். கிழங்கைத் துருவித் தேங்காய்ப்பால் ஊற்றி, இலையில் பொதிந்து, சுட்ட கற்களுக்கிடையில் வேகவைப்பதுதான் லாப்லாப். வந்தவர் சாப்பிட்டுவிட்டு விதையோடு திரும்புவார். ஒன்பது மாதம் கழித்து விளைகிற கிழங்கில் ஒரு பங்கு எந்த வீட்டுக்குப் போகவேண்டும் என்பது அன்றைக்கே இருவருக்கும் தெரியும்.